எலாஸ்டிக்சர்ச்சும் நடுவில் நிற்கும் லைப்ரரியும்

பழைய புத்தகங்கள் விற்கும் ஒரு கடைக்கு இணையத்தில் தேடல் வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபதாயிரம் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை. தேடல் இயந்திரமாக எலாஸ்டிக்சர்ச்சை நிறுவியாகிவிட்டது, அது 9200 என்ற போர்ட்டில் காத்திருக்கிறது. அதோடு பேச எச்டிடிபி (உலாவியும் இணையதளங்களும் பேசிக்கொள்ளும் முறை) தெரிந்தால் போதும். கேள்வியையும் ஜேசன் என்ற எளிய தரவு வடிவத்தில் அனுப்பலாம், பதிலும் ஜேசனில் வரும். டெர்மினலில் கர்ல் கட்டளையைத் தட்டினால்கூடப் பதில் கிடைத்துவிடும். பைத்தான்காரர் என்றால் கையிலிருக்கும் ரெக்வெஸ்ட்ஸ் மாட்யூலை வைத்துப் பத்து வரியில் முடித்துவிடுவார். அப்புறம் எதற்கு, நம் நிரலுக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று பேசும் அதிகாரப்பூர்வ கிளையன்ட் லைப்ரரி என்று தனியாக ஒன்றை நிறுவ வேண்டும்?

"எழுத வசதியாக இருக்கும்" என்பதுதான் வழக்கமான பதில். வசதி உண்மைதான், ஆனால் சின்ன விஷயம். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் லைப்ரரிக்கும் வெறும் எச்டிடிபிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சர்வர்களில் ஒன்று படுத்துவிட்ட இரவில், பதில் வராமல் பத்து விநாடி போன நேரத்தில், ஐந்நூறு ஆவணங்களில் (நமக்கு ஒரு புத்தகத்தின் விவரம் ஓர் ஆவணம்) மூன்றை மட்டும் சர்வர் மறுத்த சமயத்தில்தான் தெரியும். அந்த மாதிரி நேரங்களில் என்ன செய்வது என்று யாரோ முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுகளின் மூட்டைதான் கிளையன்ட் லைப்ரரி. அந்த முடிவுகள் என்னென்ன என்று பார்க்காமல் மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

எலாஸ்டிக்சர்ச்சுக்கு அடியில் இருப்பது லூசீன். டக் கட்டிங் 1999-ல் ஜாவாவில் எழுதியது. தேடலின் மூளை அதுதான், ஆனால் அதை நேரடியாகப் பயன்படுத்த உங்கள் நிரலும் ஜாவாவில் இருந்தாக வேண்டும். ஷே பேனன் என்ற நிரலாளர், மனைவி லண்டனில் சமையல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அவருக்குச் சமையல் குறிப்புகளைத் தேடித்தர ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். அது லூசீன் மீது கட்டிய காம்பஸ் என்ற திட்டமாக வளர்ந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டுப் புதிதாக எழுதியதுதான் 2010 பிப்ரவரியில் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச். (சமையல் குறிப்பு நிரல் மட்டும் இன்னும் வரவில்லை என்பது அந்த வட்டாரத்தின் பழைய கேலி.) எந்த மொழிக்காரரும் பேசட்டும் என்று எச்டிடிபியையும் ஜேசனையும் வாசலில் வைத்தது அவருடைய நல்ல முடிவு.

ஜாவாக்காரர்களுக்கு மட்டும் பின்வாசல் ஒன்று இருந்தது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 9300 போர்ட்டின் வழியாக, அவற்றின் உள்மொழியிலேயே பேசும் டிரான்ஸ்போர்ட் கிளையன்ட். வீட்டுக்குள்ளேயே புழங்குகிறவருக்கு உள்ள சலுகையும் இருந்தது, தொல்லையும் இருந்தது. சர்வரின் பதிப்பு மாறினால் கிளையன்ட்டும் கூடவே மாற வேண்டும், இல்லையென்றால் பேச்சு புரியாது. 7.0-ல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து 8.0-ல் எடுத்தேவிட்டார்கள். மற்ற மொழிகளுக்குத் தொடக்கத்தில் ஆர்வலர்களே கிளையன்ட் எழுதினார்கள். 2013-ல்தான் நிறுவனம் பைத்தான், ரூபி, பிஎச்பி, பெர்ல் மொழிகளுக்கு அதிகாரப்பூர்வ கிளையன்ட்களை வெளியிட்டது.

அந்தக் கிளையன்ட்களில் பெரும்பகுதி மனிதர் கையால் எழுதியதல்ல. சர்வருக்கு இருக்கும் நூற்றுக்கணக்கான அழைப்புகளையும் ஒரு விவரக் கோப்பில் எழுதி வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு மொழிக்கும் ஃபங்ஷன்களை இயந்திரமே உருவாக்குகிறது. மனிதர்கள் யோசித்து எழுதிய இடம் அடியில் இருக்கிறது. கோரிக்கையை எந்தச் சர்வருக்கு அனுப்புவது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று தீர்மானிக்கும் இடம் அது. இந்தக் கட்டுரையில் பைத்தான் கிளையன்ட்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மற்ற மொழிகளிலும் இதே கதைதான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

கிளஸ்டரில், அதாவது சேர்ந்து வேலை செய்யும் சர்வர்களின் கூட்டத்தில், மூன்று நோடுகள் (சர்வர்கள்) இருக்கின்றன என்றால் மூன்றின் முகவரியையும் கிளையன்ட்டிடம் கொடுக்கிறோம். அது முறை வைத்து ஒவ்வொன்றிடமும் போகும். ஒரு நோடு தொடர்பு தராவிட்டால் அதைச் செத்ததாகக் குறித்து ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்ததிடம் அதே கோரிக்கையைக் கொடுக்கும். ஒதுக்கி வைப்பது முதலில் 1 விநாடிதான். மறுபடி தவறினால் இரட்டிப்பாகிக்கொண்டே போய் 30 விநாடியில் நிற்கும். மறுமுயற்சிகள் இயல்பாக 3 முறை. சர்வரே 429, 502, 503, 504 என்று பதில் சொன்னாலும் (இப்போது முடியாது, பிறகு வா என்பதன் பல வடிவங்கள்) மறுபடி முயலும். இதையெல்லாம் நாமே எழுதலாம்தான். எழுதி, சோதித்து, மூன்று மாதம் கழித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து மறுபடி எழுதலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் இந்த லைப்ரரி தானாகச் செய்யாது. காலக்கெடு தாண்டிய கோரிக்கையை மறுபடி அனுப்பாது. இயல்பான காலக்கெடு 10 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பை எறிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது சோம்பேறித்தனம் இல்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக முடியாமல் யாரிடமோ மொய்ப் பணம் கொடுத்தனுப்புகிறீர்கள். போனவரிடமிருந்து தகவல் இல்லை. பணம் போய்ச் சேரவில்லையா, சேர்ந்து நோட்டில் எழுதிய பிறகு செய்தி சொல்ல மறந்துவிட்டாரா? தெரியாமல் இன்னொருவரிடம் மறுபடி கொடுத்தனுப்பினால் நோட்டில் உங்கள் பெயர் இரண்டு முறை ஏறக்கூடும். காலக்கெடு தாண்டியது என்றால் "நடக்கவில்லை" என்று பொருள் இல்லை. "நடந்ததா என்று எனக்குத் தெரியாது" என்று மட்டும்தான் பொருள்.

தேடல் கோரிக்கைக்கு இந்தக் கவலை கிடையாது, பத்து முறை கேட்டாலும் நட்டமில்லை. எழுதும் கோரிக்கையில்தான் வம்பு. புத்தகத்துக்கு அடையாள எண் கொடுக்காமல் அனுப்பினால் சர்வரே ஒரு எண்ணை உருவாக்கிப் போட்டுக்கொள்ளும். இரண்டு முறை போனால் இரண்டு எண், இரண்டு ஆவணம், கடையில் ஒரே பிரதி இருக்க இணையத்தில் இரண்டு. இந்த ஆபத்து காலக்கெடுவில் மட்டும் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால் லைப்ரரி அதைத் தொடர்புக் கோளாறாக எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பத்தான் செய்யும். எனவே அடையாள எண்ணை நாமே கொடுப்பதுதான் தீர்வு. அப்போது இரண்டாம் முறை போனாலும் அதே இடத்தில் அதே ஆவணம் மேலெழுதப்படும், அவ்வளவுதான். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுக்கலாமே என்றால், அது உலகத் தரமாக வந்ததே 1970-ல். பழைய புத்தகக் கடையில் பாதிக்கு அது இருக்காது. கடைக்காரர் தன் இருப்பு நோட்டில் போடும் வரிசை எண்தான் உதவும்.

கிளஸ்டரிடம் "உன்னிடம் யார் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டு முகவரிப் பட்டியலைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஸ்னிஃபிங் என்ற வசதியும் உண்டு. பெயரைக் கேட்டதும் போட்டுவிடத் தோன்றும். டாக்கருக்குள் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) சர்வர் ஓடினால் அது தன் உள்முகவரியைச் சொல்லும், வெளியே இருக்கும் நம் நிரலால் அந்த முகவரிக்குப் போக முடியாது. முதல் கோரிக்கை நன்றாகப் போகும், அடுத்ததிலிருந்து எல்லா நோடும் செத்துவிட்டதாகத் தகவல் வரும். முன்னால் கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சர் இருந்தால் இந்த வசதிக்கு வேலையே இல்லை. இயல்பாக அது அணைந்திருப்பது நல்லதற்குத்தான்.

இனி இருபதாயிரம் புத்தகங்களை ஏற்றும் வேலை. ஒவ்வொன்றாக அனுப்பினால் இருபதாயிரம் தடவை போய்வர வேண்டும். மொத்தமாக அனுப்ப பல்க் என்ற அழைப்பு இருக்கிறது. அதன் வடிவம் விசித்திரமானது. ஒரு வரியில் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை, அடுத்த வரியில் ஆவணம், இப்படியே மாறி மாறி. முழுவதும் சேர்ந்து ஒரு ஜேசன் ஆகாது, வரிக்கு வரி தனித்தனி ஜேசன். கடைசி வரிக்குப் பிறகும் ஒரு வரிமுறிவு இருக்க வேண்டும், இல்லையென்றால் சர்வர் ஏற்காது. கையால் எழுதியவர்கள் பெரும்பாலோர் அந்தக் கடைசி வரிமுறிவில் அரைமணி நேரமாவது தொலைத்திருப்பார்கள். லைப்ரரியில் இதற்கென்று ஹெல்ப்பர்கள் இருக்கின்றன. கேட்கக் கேட்க ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் ஒன்றைக் கொடுத்தால் போதும், 500 ஆவணங்களாகவோ 100 எம்பி எட்டும் வரையோ கட்டுக்கட்டாகப் பிரித்து அனுப்பிவிடும். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

இங்கேதான் வெறும் எச்டிடிபியில் எழுதியவர் பெரிதாக ஏமாறுகிறார். பல்க் கோரிக்கைக்கு 200 (எச்டிடிபியில் சரி என்பதன் எண்) என்று பதில் வந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார். அந்த 200-க்கு "உன் மூட்டை வந்து சேர்ந்தது, பிரித்துப் பார்த்தேன்" என்று மட்டும்தான் பொருள். உள்ளே ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனித் தீர்ப்பு இருக்கும். நம் பட்டியலில் முதல் புத்தகத்தின் ஆண்டு 1967 என்று எண்ணாகப் போகிறது. நாம் எதுவும் சொல்லி வைக்காததால் சர்வர் தானே யூகித்து "ஆண்டு என்பது முழு எண்" என்று முடிவு செய்துகொள்கிறது. பழைய புத்தகப் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கோ ஓரிடத்தில் "சுமார் 1950" என்று இருக்கும், இன்னொன்றில் "ஆண்டு இல்லை" என்றே இருக்கும். அந்த ஆவணங்களைச் சர்வர் மறுத்துவிடும். மற்றவை உள்ளே போய்விடும். பதிலின் தலையில் 200. பதிலின் உடலில், பிழை உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்று ஒரு சொல். அதைப் படிக்காத நிரலுக்கு எல்லாம் சுபம். வாடிக்கையாளர் வந்து "உங்கள் கடையில் நேரில் பார்த்த அந்தப் பழைய பதிப்பு இணையத்தில் இல்லையே" என்று கேட்கும் வரைக்கும்.

லைப்ரரியின் ஹெல்ப்பர் அந்தச் சொல்லைப் படித்து எக்ஸெப்ஷன் எறிகிறது. இது பெரிய காவல். ஆனால் எறியும் நேரத்தில் நிலைமை என்ன என்று யோசிக்க வேண்டும். இதற்கு முந்தைய கட்டுகள் எல்லாம் உள்ளே போயாகிவிட்டன. பிழை வந்த கட்டிலும் நல்ல ஆவணங்கள் உள்ளே போய்விட்டன. அடுத்த கட்டுகள் புறப்படவே இல்லை. தரவுத்தளங்களில் பழகியவர்கள் எதிர்பார்ப்பதுபோல "எல்லாம் அல்லது எதுவுமில்லை" என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம் என்றால், அடையாள எண்ணை நாமே கொடுத்திருந்தால்தான் தைரியமாக ஓட்டலாம். பிழையில் நிற்காமல் ஓடி முடித்துவிட்டு, மறுக்கப்பட்டவற்றின் பட்டியலைக் கொடு என்று கேட்கவும் வழி இருக்கிறது. என் விருப்பம் அதுதான். ஆனால் அந்தப் பட்டியலை எங்காவது எழுதி வைத்து, யாராவது பார்க்க வேண்டும். இல்லையென்றால் காவல்காரனை நாமே வீட்டுக்கு அனுப்பியதாக ஆகிவிடும்.

இதே குடும்பத்தில் இணையாகப் பல இழைகளில் அனுப்பும் ஹெல்ப்பர் ஒன்று உண்டு. அதை அழைத்துவிட்டு வேகத்தை ரசிப்பவர்களை அது நன்றாக ஏமாற்றும். பைத்தான் ஜெனரேட்டர் என்பதால், திரும்ப வரும் விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் வரை அது ஒரு ஆவணத்தைக்கூட அனுப்பாது. நிரல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், பிழை இருக்காது, இண்டெக்ஸ் (சர்வரில் ஆவணங்கள் சேரும் இடம்) காலியாக இருக்கும்.

ஏற்றியாகிவிட்டது. உடனே தேடிப் பார்த்தால் கடைசியாகப் போட்ட புத்தகம் வரவில்லை. அடையாள எண்ணைச் சொல்லிக் கேட்டால் வருகிறது, தேடினால் வரவில்லை. சோதனை நிரல் எழுதும் எல்லோரும் முதல் நாளே இதில் முட்டிக்கொள்வார்கள். புதிய ஆவணங்களைத் தேடலுக்குத் திறந்து விடும் வேலையைச் சர்வர் இயல்பாக 1 விநாடிக்கு ஒருமுறைதான் செய்கிறது. ஒவ்வொரு முறையும் உடனே திற என்று கட்டாயப்படுத்தினால் சுமை ஏறும். "அடுத்த திறப்பு வரை காத்திருந்து பதில் சொல்" என்று கோரிக்கையோடு ஒரு வார்த்தை சேர்க்க லைப்ரரியில் இடம் இருக்கிறது. சோதனைக்கு அது போதும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு விநாடித் தூக்கம் போட்டு ஒப்பேற்றிய சோதனைகளை நானும் எழுதியிருக்கிறேன்.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். 2021-ல் இந்த லைப்ரரி ஒரு வேலியாகவும் ஆனது. அந்த ஆண்டு ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம், 7.11 பதிப்பிலிருந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் விற்கவும் விடும் அப்பாச்சி உரிமத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அமேசான் தன் மேகச் சேவையில் எலாஸ்டிக்சர்ச்சை விற்றுவந்ததுதான் பின்னணி. அமேசான் 7.10.2-ஐ எடுத்துக் கிளை பிரித்து ஓப்பன்சர்ச் என்று பெயரிட்டு, ஜூலையில் 1.0-ஐ வெளியிட்டது. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், பேசும் மொழி அப்போது ஏறக்குறைய ஒன்று, எனவே ஒரே கிளையன்ட்டை இரண்டுக்கும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் வந்த 7.14 கிளையன்ட் அதை நிறுத்தியது. சர்வரிடம் முதலில் "நீ யார்" என்று கேட்டு, அசல் எலாஸ்டிக்சர்ச் என்று உறுதியாகாவிட்டால் வேலை செய்ய மறுத்தது.

சர்வரில் எதையும் தொடாதவர்கள், வழக்கம்போல லைப்ரரியைப் புதுப்பித்தவர்கள், திடீரென்று தேடல் நின்றுபோய்த் திகைத்தார்கள். பலர் 7.13-க்குத் திரும்பி அங்கேயே பூட்டிக்கொண்டார்கள். ஓப்பன்சர்ச் தனக்கென்று தனிக் கிளையன்ட்களைப் பிரித்துக்கொண்டது. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. விற்பவருக்குத் தன் உழைப்பைக் காக்கும் உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரிமச் சண்டையை ஒரு சாதாரண லைப்ரரிப் புதுப்பிப்புக்குள் வைத்தது பயனர்களை நடுவில் நிறுத்திய காரியம் என்பது என் எண்ணம். 2024-ல் எலாஸ்டிக் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்து மறுபடி திறமூலம் என்ற பெயருக்குத் திரும்பியது, ஓப்பன்சர்ச் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள் போனது. கிளையன்ட்கள் பிரிந்தது பிரிந்ததுதான்.

பதிப்பு விஷயத்தில் இன்னொரு நடைமுறை எச்சரிக்கை. பதிப்பு எண்ணைக் குறிக்காமல் லைப்ரரியை நிறுவினால் புதியது எதுவோ அது வரும். சர்வர் 8-ல் இருக்க, கிளையன்ட் 9 வந்து உட்கார்ந்தால் அது ஒவ்வொரு கோரிக்கையிலும் "நான் 9-ஆம் பதிப்பு மொழியில் பேசுகிறேன்" என்ற தலைப்பை வைத்து அனுப்பும். சர்வர் 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பிவிடும். கேள்வியில் தவறு தேடிப் பயனில்லை, கேள்வி சரியாகவே இருக்கும். மறுதிசையில் பரவாயில்லை, 8 கிளையன்ட்டை 9 சர்வர் புரிந்துகொள்ளும். ஆகவே சர்வரை முதலில் உயர்த்தி, கிளையன்ட்டைப் பிறகு உயர்த்த வேண்டும்.

பாதுகாப்பும் இந்த வாசலில்தான். கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த எலாஸ்டிக்சர்ச் சர்வர்களை 2020-ல் "மியாவ்" என்று எழுதி வைத்துவிட்டு அழித்த தானியங்கித் தாக்குதல் ஒன்று பலரை உலுக்கியது. 2022-ல் வந்த 8.0 முதல் நிறுவியவுடனேயே கடவுச்சொல்லும் எச்டிடிபிஎஸ்ஸும் இயல்பாக இருக்கின்றன. சான்றிதழ் சரியில்லை என்று கிளையன்ட் முரண்டு பிடிக்கும்போது சரிபார்ப்பையே அணைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முதல் முறை தொடங்கும்போது சர்வர் திரையில் காட்டும் சான்றிதழ்க் கைரேகையைக் கிளையன்ட்டிடம் கொடுத்தாலே வேலை முடிந்துவிடும்.

லைப்ரரி செய்யாத ஒன்றையும் சொல்ல வேண்டும், நம் கடை தமிழ்ப் புத்தகக் கடை என்பதால். எலாஸ்டிக்சர்ச்சோடு தயாராக வரும் மொழிவாரிப் பகுப்பான்களில் (உரையைத் தேடத்தக்க சொற்களாக உடைப்பவை) இந்தியும் வங்கமும் உண்டு, தமிழ் இல்லை. பொதுப் பகுப்பான் சொற்களைச் சரியாகவே பிரிக்கும், ஆனால் "மதுரையில்", "மதுரைக்கு", "மதுரையின்" எல்லாம் அதற்கு வெவ்வேறு சொற்கள். "மதுரை" என்று தேடுகிறவருக்கு அவை அகப்படாது. விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லைத் தரும் ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் 2019 முதல் தமிழ் இருக்கிறது, பைத்தானிலிருந்து அழைக்கலாம். முரட்டு விதிகள்தான், சில சொற்களை அளவுக்கு மீறி வெட்டிவிடும். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். வெட்டிய வடிவத்தைத் தனிப் புலமாக வைத்து, முழுச்சொல் பொருந்தினால் அதற்கு அதிக மதிப்பெண் கொடுத்தால் ஓரளவு கட்டுப்படும்.

அதற்கும் முன்னால் எழுத்து. "கொ" என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. யூனிகோடு சீராக்கம் இதைச் சரிசெய்துவிடும், பைத்தானில் ஒரு வரி. ஆனால் "கௌதமன்" என்பதற்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டு, க, பிறகு ள என்று தட்டிய "கெளதமன்" எந்தச் சீராக்கத்துக்கும் மசியாது. ஏனென்றால் யூனிகோடு பார்வையில் அது முறையான வேறு சொல். பழைய பட்டியல்களில் இப்படித் தட்டியவை ஏராளம். அதற்கென்று தனி விதி நாம்தான் எழுத வேண்டும்.

இந்தச் சுத்திகரிப்பு முழுவதையும் ஒரே ஃபங்ஷனில் வைத்து, புத்தகத்தை ஏற்றும் நிரலும் தேடல் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நிரலும் அதையே அழைக்கும்படி செய்ய வேண்டும். ஏற்றும் பக்கம் மட்டும் போட்டுவிட்டுத் தேடும் பக்கம் மறந்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும். இண்டெக்ஸில் இப்போது கௌதமன் ஒருவர்தான் இருக்கிறார், கெளதமனைத் தேடி வருகிறவருக்கு முன்பு கிடைத்த இரண்டு புத்தகங்களும் கிடைக்காது. கிளையன்ட் அந்தக் கேள்வியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, சுழியம் என்ற விடையைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கும். எக்ஸெப்ஷன் எதுவும் வராது.